உருளையின் கன அளவு: உயரத்தைவிட விட்டத்தைக் கவனியுங்கள்

சூத்திரம் பலரும் பள்ளியில் படித்ததுதான்: பை × ஆரம் × ஆரம் × உயரம். அடியிலுள்ள வட்டத்தின் பரப்பைக் கண்டு, உயரத்தால் பெருக்குகிறோம். அப்படியும் ஒரு தொட்டியை அளந்து கணக்குப் போட்டால் விடை உதைக்கிறது. பெரும்பாலும் பெருக்கலில் தவறு இருக்காது, அளவெடுத்ததில்தான் இருக்கும்.

ஆரத்தின் இடத்தில் விட்டத்தைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். ஆரம் இரண்டு தடவை பெருக்கப்படுவதால் விடை நான்கு மடங்காகிவிடும். அதே காரணத்தால்தான் சின்னப் பிழையும் இங்கே பெரிதாகிறது. உள்விட்டம் 100 செ.மீ., உயரம் 125 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.1416 × 50 × 50 × 125 = 9,81,750 கன செ.மீ. ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர், ஆகவே சுமார் 982 லிட்டர். உயரத்தை 1 செ.மீ. கூட்டி அளந்தால் 8 லிட்டர் கூடுதலாகக் காட்டும். விட்டத்தை 1 செ.மீ. கூட்டி அளந்தால் 20 லிட்டர்! பைக்கு 22/7 என்று போட்டாலோ அரை லிட்டர்கூட மாறாது. தசம இலக்கங்களுக்குச் செலவிடும் அக்கறையை டேப்புக்குக் கொடுங்கள் என்பேன்.

வாய் திறந்த தொட்டியில் டேப்பின் ஒரு முனையை உள்விளிம்பில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை எதிர்ப்பக்கம் மெல்ல நகர்த்துங்கள். கிடைக்கும் மிகப் பெரிய அளவுதான் விட்டம். அதற்குக் குறுக்கே இன்னொரு தடவை அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் வாய் நசுங்கி நீள்வட்டமாகியிருக்கிறது. அப்போது இரண்டு விட்டங்களையும் பெருக்கி, 0.7854ஆலும் (அதாவது பையில் நான்கில் ஒரு பங்கு) உயரத்தாலும் பெருக்கினால் போதும். சரியான வட்டத்துக்கும் இதே வழி செல்லும், பாதியாக்கும் வேலையே இல்லை.

மூடிய தொட்டி என்றால் வெளியே டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுத்து 3.1416ஆல் வகுக்கலாம். 345.6 செ.மீ. வந்தால் வெளிவிட்டம் 110. சுவர் 5 செ.மீ. தடிமன் என்றால் இரு பக்கத்துக்கும் சேர்த்து 10 கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் மேலே சொன்ன 982 லிட்டர் 1,188 ஆகிவிடும். உயரத்திலும் அடித்தளத் தடிமனைச் சேர்க்கக் கூடாது. சாய்ந்த உருளையில் சாய்வு நீளம் உதவாது, செங்குத்து உயரம்தான் வேண்டும்.

குழாயில் அலகு குழப்பும். உள்விட்டம் 20 மி.மீ., நீளம் 30 மீட்டர் என்றால் முதலில் 2 செ.மீ., 3,000 செ.மீ. என்று மாற்றிக்கொள்ளுங்கள். சுமார் 9.4 லிட்டர் பிடிக்கும்.

படுத்துக் கிடக்கும் தொட்டி வேறு விதம். பாதி ஆழத்தில் பாதிக் கொள்ளளவு என்பது சரி. ஆனால் கால்வாசி ஆழத்தில் கால்வாசி இருக்காது, சுமார் 19.6 சதவீதம்தான் இருக்கும். முக்கால் ஆழத்தில் 80.4 சதவீதம். அதனால் அளவுகோலில் சம இடைவெளியில் கோடு போடாதீர்கள். தெரிந்த அளவு தண்ணீரை ஊற்றி, ஒவ்வொரு தடவையும் மட்டம் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள்.