லாங் கேஸில் பழைய பட்டாளத்துக்காரர் வந்தால்

எம்.டி. சைக்கியாட்ரி (மனநல மருத்துவம்) மாதிரித் தேர்வில் எனக்கு லாங் கேஸாக, அதாவது முழுமையாக விசாரித்துத் தேர்வாளரிடம் விளக்க வேண்டிய நோயாளியாக, வந்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். தூக்கமில்லை, உடம்பெல்லாம் வலி, யாரிடமும் பேச்சில்லை. முதுமை மனச்சோர்வு என்று எழுதி, மாத்திரை அளவு வரை ஒப்பித்துவிட்டேன். "என்ன வேலை பார்த்தார்?" என்றார் தேர்வாளர். "செக்யூரிட்டி சார்." "அதற்கு முன்னால்?" நான் கேட்கவே இல்லை. 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவராம்.

அவரே சொல்லியிருக்கலாமே என்று அன்றைக்குக் கோபம்கூட வந்தது. எப்படிச் சொல்வார்? பி.டி.எஸ்.டி. (போர் போன்ற பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்ற பெயரே 1980இல் அமெரிக்க மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்.-3 வந்தபோதுதான் நோய்ப் பட்டியலில் ஏறியது. அந்தத் தலைமுறை வலி, வயிறு, தூக்கம் என்றுதான் பேசும். இப்போதெல்லாம் வயதானவர் யார் வந்தாலும் "பட்டாளத்தில் இருந்தீங்களா ஐயா? எங்கே போஸ்டிங்?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது.

பி.டி.எஸ்.டி. அறிகுறிகளைக் கேட்கும் பி.சி.எல்.-5 தாளை எடுத்ததும் நீட்டாதீர்கள். இருபது கேள்வி, 80க்கு 31–33 வந்தால் சந்தேகிக்கலாம், சரி. ஆனால் கேள்விக்குக் கேள்வி "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்பார்கள். "தீபாவளிக்கு எங்கே இருப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பெரியவர் முதல் நாளே வெடிச் சத்தம் எட்டாத தோட்டத்துக்குப் போய்விடுவாராம். தேர்வு முடிந்து நான் போய் விசாரித்தபோது மனைவி சொன்னது இது. "தூங்குறப்போ தொட்டு எழுப்ப மாட்டேன் தம்பி, வாசப்படியில நின்னுதான் கூப்பிடுவேன்" என்றும் சொன்னார். நான் நாற்பது நிமிடம் தேடியும் கிடைக்காதது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிவிடுவது 'தாமத வெளிப்பாடு'. சம்பவம் நடந்து ஆறு மாதமாவது கழித்துத்தான் பி.டி.எஸ்.டி. என்று சொல்வதற்கான எல்லா நிபந்தனைகளும் நிறைவேறின என்றால் அந்தப் பெயர். அதற்காக ஐம்பது வருடம் கழித்துப் புதிதாக முளைத்தது என்று சொல்லிவிடாதீர்கள். சில அறிகுறிகள் பெரும்பாலும் முன்பே இருந்திருக்கும். ராத்திரி முழுக்க விழித்திருந்ததற்கு இவருக்குச் சம்பளமே கொடுத்தார்கள். மீதியைக் கேன்டீன் ரம் பார்த்துக்கொண்டது. வேலையும் குடியும் நின்ற பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

கனவில் கைகாலை வீசுகிறார் என்றால் ரெம் தூக்க நடத்தைக் கோளாறையும் சொல்லுங்கள். பார்க்கின்சனுக்கு முன்னோடியாக அது வரலாம். நினைவாற்றல் சோதனையை விடாதீர்கள். தூக்கத்துக்கு பென்சோடயசெபின் வகை மாத்திரை என்று மட்டும் வாயைத் திறக்க வேண்டாம். இந்த வயதில் தடுமாறி விழுவார்கள், மறதியும் கூடும்.

அப்புறம், ஹிஸ்டரி (நோய் வரலாறு) கேட்கும் நேரத்தில் பத்து நிமிடத்தை மனைவிக்கென்று ஒதுக்குங்கள். பெரியவர் எழுந்து வெளியே போன பிறகு.