இரண்டு கணக்கு

“அது கனெக்‌ஷன் கணக்கு அண்ணாச்சி, இது பார்க்கிற வீட்டுக் கணக்கு.”

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். கேபிள்காரர் நடத்தும் லோக்கல் சேனலுக்கு விளம்பரம் பிடிப்பவனுக்கு வாய்தானே முதல்.

கட்டணச் சேனலின் ஏஜென்ட் எப்போது வந்தாலும் பாத்திரக்கடை மாடியிலிருக்கும் லாட்ஜில்தான் தங்குவார். மொட்டைமாடி ஏறி வயர் எண்ணிவிட்டு, கீழே வந்து அண்ணாச்சியிடம் புலம்பியிருக்கிறார். அடுத்த நாள் தீபாவளி விளம்பரத்துக்கு நான் போய் நிற்கிறேன். அண்ணாச்சி பித்தளைக் குடத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அவனுக்கு மூவாயிரம் கனெக்‌ஷன்னு எழுதிக் குடுத்திருக்கிய. எங்கிட்ட எட்டாயிரம் வீடுங்க. எது தம்பி நெசம்?” கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார்.

என் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு வயரில் ஸ்ப்ளிட்டர் போட்டு அண்ணன் வீடு, தம்பி வீடு, மாடிக் குடித்தனம் என்று மூன்று டிவி ஓடிய காலம் அது. பழைய பெட்டிகளில் எட்டோ பன்னிரண்டோ பொத்தான்தான். அதில் ஒன்று எங்களுடையது. கோயில் கொடை, கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி ஸ்க்ரோல் எல்லாவற்றையும் ஊரே பார்த்தது. இன்னொரு நியாயம், கட்டணச் சேனல்கள் எங்களிடம் கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று கேட்கும். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தால் மாதச் சந்தாவை ஏற்ற வேண்டும். ஏற்றினால் வீட்டுக்காரம்மா வயரைக் கழற்றிக்கொண்டு போ என்பார். எந்த ஊரில் முழுக்கணக்கு கொடுத்தார்கள்? மறைத்த அந்தப் பணத்தில்தான் கேமராவும் வாங்கினோம், என் சம்பளமும் வந்தது.

இப்படிச் சொல்லும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அண்ணாச்சி கேட்டது நியாயத்தை இல்லையே, எண்ணிக்கையை.

2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2017-இல் அதற்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் மாட்டினார்கள். பெட்டிக்குப் பெட்டி நம்பர், மறைக்க வழியில்லை. எண்ணியபோது எங்கள் ஊர் மூவாயிரமும் இல்லை, எட்டாயிரமும் இல்லை, நடுவில் எங்கோ நின்றது. அதற்குள் எங்கள் சேனல் மூன்று இலக்க எண்ணுக்குப் போய்விட்டது. தேடி வந்து பார்ப்பவர் குறைவு. உண்மைக் கணக்கு கைக்கு வந்தபோது அதைக் கேட்க விளம்பரதாரரே இல்லை. இதை நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்பதா, தண்டனை என்பதா?

அன்று அண்ணாச்சி விளம்பரம் கொடுத்தார், முன்பணமும் கொடுத்தார். என் பதிலை நம்பித்தான் கொடுத்தார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எதிர்க்கடைக்காரர் ஏற்கெனவே கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

ஸ்ப்ளிட்டர் கதையெல்லாம் நானே பின்னால் சேர்த்துக்கொண்டதோ என்றும் ஒரு சந்தேகம். எட்டாயிரம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அது விளம்பரக் கட்டணம் போட்ட ரேட் கார்டில் அச்சாகி இருந்தது.