வடகடல் நாட்குறிப்பு: வலையும் ஓங்கிலும்

ஜூன் 3, 2025, செவ்வாய், மண்டபம்

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. விசைப்படகெல்லாம் கரையில் கிடக்க, நாட்டுப்படகுகள் மட்டும் போய்வருகின்றன. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிப்பதால் தென்கடலான மன்னார் வளைகுடா குமுறுகிறது; வடகடலான பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கிறது.

சித்தப்பா வலையில் விடியற்காலை ஒரு கடற்பன்றி, ஓங்கிலுக்கு (டால்பின்) சொந்தம், சிக்கியிருக்கிறது. நாலடி இருக்குமாம், முதுகில் துடுப்பு இல்லாத சாதி. உயிர் இருந்ததால் வலையை அறுத்துக் கடலில் விட்டுவிட்டார். அறுந்த வலையை வைத்துத்தான் இன்றைக்கு முழுக்கப் பேச்சு. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் தம்பி, "எங்க கங்கையிலயும் இது இருக்குண்ணே, மூக்குதான் இவ்ளோ நீளம்" என்று முழங்கையைத் தொட்டுக் காட்டினான்.

"நல்ல தண்ணியில ஓங்கிலா? போடா!" என்றார் சித்தப்பா.

ஜூன் 5, வியாழன்

தம்பி சொன்னது நிஜம். அவனுக்குச் சொந்த ஊர் பாகல்பூர் பக்கம் கஹல்காவ். சுல்தான்கஞ்சிலிருந்து அந்த ஊர் வரைக்கும் கங்கையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்கு விக்ரமசிலா ஓங்கில் சரணாலயம் இருக்கிறது, 1991 முதல். ஊருக்கு எதிரே ஆற்றுக்குள் மூன்று பாறைத் தீவுகளாம். பாறையில் மோதித் தண்ணீர் சுழித்துத் திரும்பும் மடுவில் மீன் தங்கும். மீனைத் தேடி ஓங்கில் வரும். நம் ஆட்கள் பார் (கடலடிப் பாறை) பார்த்து வலை விடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் அதன் கண்! கங்கை ஓங்கிலுக்குக் கண்ணில் வில்லையே கிடையாது. ஊசித் துளை அளவுக்குத்தான் கண் திறப்பு. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், உருவம் தெரியாது. கலங்கல் தண்ணீரில் கண்ணால் என்ன பிரயோசனம்? அதனால் ஓயாமல் 'டிக் டிக்' என்று ஒலி விட்டு, திரும்பி வரும் எதிரொலியில் இரையைக் கண்டுபிடிக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு துடுப்பால் ஆற்றின் அடித்தரையைத் தடவிக்கொண்டும் நீந்துமாம். கழுத்தெலும்பு கடல் ஓங்கில்கள் பலவற்றைப்போல இறுகிப்போகாததால் தலையை நன்றாகத் திருப்பும். ஆணைவிடப் பெண் பெரியது, மூக்கும் நீளம்.

சித்தப்பாவின் கேள்விக்கும் பதில் சொன்னேன்: அது மூச்சு வாங்குவது மேலே வந்து, காற்றில். செவுள் இருக்கிற மீனுக்குத்தான் உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்பது பெரிய வழக்கு. "ம்" என்றார். ஒப்புக்கொண்ட 'ம்' இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பக்ரீத் பிரியாணி மிச்சம் இன்றைக்கும் வந்தது. நெய்ச்சோறு தேவலை.

சித்தப்பா வலையை அறுத்துத் தப்பவிட்ட சாதிக்குச் சீனாவின் யாங்சி ஆற்றில் நெருங்கிய சொந்தம் உண்டு. அதற்கும் முதுகுத் துடுப்பு இல்லை. முழுக்க நல்ல தண்ணீரில் வாழ்கிறது. 2017 கணக்கெடுப்பில் 1,012, 2022-இல் 1,249. நடுவில் 2021-இலிருந்து அந்த ஆற்றில் பத்தாண்டு மீன்பிடித் தடை போட்டிருக்கிறார்கள். (நமக்கு 61 நாளுக்கே மூச்சு முட்டுகிறது.) அதே ஆற்றின் பைஜி ஓங்கிலுக்கு அந்த யோகமும் இல்லை, 2006-இல் ஆறு முழுக்கத் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

வலை பொத்தும்போது சித்தப்பா கேட்டார்: "சத்தத்துலயே எல்லாம் தெரியுற சீவனுக்கு வலை தெரியாதா?"

நல்ல கேள்வி. மீன் உடம்புக்குள் காற்றுப்பை இருப்பதால் பலமான எதிரொலி வரும். நரம்பு வலையின் மெல்லிய இழையிலிருந்து திரும்புவது மிகக் குறைவு. வலைக்குப் பக்கத்தில் வந்த பிறகு தெரிந்தாலும், இரையைத் துரத்தும் வேகத்தில் திரும்ப நேரம் இருக்காது. சிக்கினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாது, மூச்சடைத்துச் சாகும். கங்கையிலும் இதே கதைதான். இந்த மார்ச்சில் வெளியான கணக்குப்படி இந்தியாவில் ஆற்று ஓங்கில் 6,327. அதில் சிந்து ஓங்கில் மூன்றே மூன்று, பஞ்சாபின் பியாஸ் ஆற்றில். கங்கை ஓங்கிலை 2009-இலேயே தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தாகிவிட்டது. பட்டம் கொடுத்தால் வலை விலகிவிடுமா என்ன?

ஜூன் 14, சனி

தடை இன்று இரவோடு முடிகிறது. ஜெட்டியில் ஐஸும் டீசலும் ஏறுகின்றன. தம்பிக்கு மூச்சு விட நேரமில்லை.

வலையில் கட்டினால் ஒலி எழுப்பி ஓங்கிலை விலக்கும் கருவி இருக்கிறது என்றேன். சித்தப்பா யோசித்துவிட்டு, "சத்தம் கேட்டா இங்க மீன் கிடக்குனு தேடி வராதா?" என்றார். அப்படிச் சில இடங்களில் ஓங்கில்கள் பழகிப்போனதும் உண்டுதான். "பேட்டரி எத்தனை நாள் வரும்? யாரு வாங்கிக் குடுப்பா?" என்று அடுத்த கேள்வி. எத்தனை பாகத்துக்கு (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) ஒன்று கட்ட வேண்டும் என்பதைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.