பனியன் பெட்டியும் நடுநிலையும்

"நம்ம நாடு நடுநிலைங்க, சரக்கை எவன் தடுப்பான்?" என்று, வேறு நாடுகள் போரிடும்போது, திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்கள் கேட்பார்கள். தடுப்பான். நடுநிலை அரசுதான் போர்த்தளவாடம் தரக்கூடாது. தனியார் ஏற்றுமதியை அது தடுத்தாக வேண்டும் என்று 1907 ஹேக் உடன்படிக்கை சொல்லவில்லை. ஆனால் நடுக்கடலில் கப்பலைச் சோதனை போட்டு, எதிரிக்குப் போகும் தடைப்பொருளைப் பறிமுதல் செய்யும் உரிமை போரிடும் நாட்டுக்கு உண்டு.

1909 லண்டன் பிரகடனத்தில், படைக்கு உதவும் துணிமணி, பூட்ஸ் எல்லாம் நிபந்தனைத் தடைப்பொருள்; அதாவது எதிரியின் படைக்கோ அரசுக்கோ போனால் மட்டும் பிடிக்கக்கூடிய சரக்கு. (அது நடைமுறைக்கே வரவில்லை என்பது வேறு.)

சிக்கல் காகிதத்தில்தான். 1914 அக்டோபரில் பிரிட்டன் போட்ட ஆணைப்படி, கப்பல் ரசீதில் பெறுபவர் பெயருக்குப் பதில் 'டு ஆர்டர்' (யாரிடம் கொடுப்பது என்பதைப் பிறகு சொல்வோம்) என்றிருந்தால், நடுநிலைத் துறைமுகத்துக்குப் போகும் அத்தகைய சரக்கையும் பிடிக்கலாம். எதிரிக்குப் போகவில்லை என்று நிரூபிப்பது சரக்குக்காரர் பாடு. எல்.சி. (சரக்குக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) போடும் வங்கிகள் இன்றும் சர்வசாதாரணமாகக் கேட்கும் அதே இரண்டு சொல்.