‘வால்’ எப்படி ‘வாள்’ ஆகிறது: சிலேற்றில் பிறெயில் பழகும் ஆசிரியர்களுக்கு

பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தான பிறெயிலின் அட்டவணையை மனப்பாடம் செய்வது லேசு. கை பழகுவதுதான் பாடு. திருகோணமலையில் சேவைக்காலப் பயிற்சிக்கு வருகிற விசேட கல்வி ஆசிரியர்கள் இடறுவதும் அங்கேதான்.

கட்டத்துக்கு ஆறு புள்ளி. வாசிக்கும் பக்கத்தில் இடது நிரல் மேலிருந்து 1, 2, 3. வலது நிரல் 4, 5, 6. ஆனால் சிலேற்றில், அதாவது கடதாசியை இடையில் வைத்துக் குத்தும் துளைச் சட்டத்தில், எழுத்தாணி குத்துவது கடதாசியின் முதுகில். ஆகவே வலமிருந்து இடமாக எழுத வேண்டும். 1 வலப்பக்கம் போய்விடும். வரி முழுக்கப் புரண்டால் உடனே பிடிபடும். நடுவில் ஓர் எழுத்து மட்டும் புரண்டால்தான் வினை, ஏனென்றால் அது வேறொரு நல்ல எழுத்தாக நிற்கும். ‘இ’ (2-4) புரண்டால் ‘ஏ’ (1-5). ‘த’ புரண்டால் ‘ஊ’. ‘ல’ (1-2-3) புரண்டால் ‘ள’ (4-5-6). கோட்டைக்குள் திரியும் மானின் வால், பிள்ளையின் விரலுக்கு வாளாகிவிடும்.

‘வால்’ என்ற சொல்லையே எடுங்கள். தமிழுக்குப் பயன்படும் பாரதி பிறெயில் முறையில் நான்கு கட்டம்: வ (1-2-3-6), ஆ (3-4-5), குற்று (4), ல (1-2-3). அச்சில் தலையில் இருக்கும் குற்று இங்கே மெய்க்கு முன்னால் தனிக்கட்டமாக வரும். கொம்பு நேரெதிர்: ‘கெ’ என்றால் முதலில் க (1-3), பிறகு எ (2-6). கண்ணால் பழகிய கை இரண்டையும் மாற்றித்தான் குத்தும். எழுதுமுன் கட்டங்களை வாயால் சொல்லிக்கொண்டால் குறையும்.

விசைகளை அழுத்திப் பிறெயில் எழுதும் பேர்கின்ஸ் இயந்திரத்தில் இந்தப் புரட்டல் இல்லை. இடமிருந்து வலமாக, வாசிப்பது போலவே விழும். அதனாலேயே அதில் தொடங்கியவர்கள் சிலேற்றுக்கு வரும்போது திணறுகிறார்கள். எங்கள் அபிப்பிராயம், சிலேற்றே முதலில்.

கடதாசி தடிப்பாக இருக்கட்டும். போட்டோக்கொப்பித் தாள் 80 கிராம்தான், ஓட்டை விழும். பழகுவதற்குப் பழைய கலண்டர் தாள் போதும். மாரியில் கடற்காற்று கடதாசியை இளக்கிவிடும், புள்ளி இரண்டு நாளில் அமுங்கும். பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.

பிள்ளையிடம் கொடுக்குமுன் கண்ணை மூடி, சுட்டுவிரல் நுனியால் மெல்ல வருடி வாசியுங்கள். அழுத்தினால் ஒன்றும் தெரியாது. கூடுதலாக விழுந்த புள்ளியை நகத்தால் தேய்த்து அமுக்கலாம். விடுபட்டதென்றால் தாளைத் திரும்ப சிலேற்றில் அதே துளைக்கு நேராகப் பொருத்துவது கஷ்டம், புதுத் தாளே மேல்.