அடுத்த அக்டோபரில் இங்கே இருப்பீர்களா?

ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடக்கும் ஒவ்வோர் இரவிலும் அரங்கின் டிக்கெட் அலுவலகத்துக்கு இரண்டு எண்கள் வந்து சேரும். ஒன்று, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டு மறுநாள் நாளிதழில் அச்சாகும் எண். விற்றது, இலவசமாகக் கொடுத்தது, விளம்பரதாரர்களுக்கு ஒதுக்கியது என்று வெளியே போன டிக்கெட் அத்தனையும் அதில் அடக்கம். மற்றொன்று, வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. நாங்கள் அதை டிராப் கவுண்ட் என்போம். வெளியுலகம் முதல் எண்ணை வைத்துத்தான் ஓர் ஊரை மெச்சுகிறது, அல்லது அந்த ஊருக்கு ஹாக்கி ஒத்துவராது என்று தீர்ப்புச் சொல்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில், தேசிய ஹாக்கி லீகில் ஆடும் அணி ஒன்றின் டிக்கெட் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கூட்டம் குறைந்ததால் அணிகள் ஊர் மாறுகின்றன என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை என்பதும், அணி ஊர் மாறப்போகிறது என்ற பேச்சே கூட்டத்தைக் குறைக்கிறது என்பதும் அங்கே எனக்குக் கண்கூடாகத் தெரிந்தன.

நான் இருந்த காலத்தில், அக்டோபரில் தொடங்கும் ஒரு பருவத்தில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள், அவற்றில் 41 சொந்த அரங்கில். அமெரிக்கக் கால்பந்து லீகுக்குக் கிடைக்கும் தொலைக்காட்சிப் பணத்தோடு ஒப்பிட்டால் ஹாக்கிக்குக் கிடைப்பது மிகக் குறைவு. ஆகவே வாசல் வசூலும், உள்ளே வந்தவர்கள் சாப்பாட்டுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் செலவழிப்பதும்தான் அணியின் உயிர்நாடி. அந்த வசூல் குறையும்போது முதலில் அடி வாங்குபவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லர். செவ்வாய், புதன் போன்ற வார நடுநாள் ஆட்டங்களுக்கு எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்ற மதிப்பீட்டைப் பிற்பகலிலேயே நாங்கள் மற்ற பிரிவுகளுக்கு அனுப்ப வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மேல்தளத்து உணவுக் கடைகளில் எவற்றைத் திறப்பது, இருக்கை காட்டுபவர்களில் யாரை வரவேண்டாம் என்பது என்று முடிவாகும். மேல்தளத்தில் இருக்கை காட்டும் வேலையில் இருந்த ஒரு மூதாட்டி, பணிக்கு வந்ததும் எங்கள் அறையை எட்டிப் பார்த்து, "இன்றைக்கு எப்படி?" என்று கேட்பார். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் அவர். வீட்டு வாடகைக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். டொராண்டோவோ மான்ட்ரியலோ ஆட வரும் நாளென்றால், குளிருக்குத் தப்பி எங்கள் ஊரில் தங்கியிருக்கும் கனடாக்காரர்கள் நீலச் சட்டையும் சிவப்புச் சட்டையுமாக அரங்கை நிறைத்துவிடுவார்கள் என்பதால், ஆட்ட அட்டவணை வெளியானதும் அவர் முதலில் தேடுவது அந்தத் தேதிகளைத்தான்.

நான் கணக்குப் பிரிவிலிருந்து, பருவம் முழுவதற்கும் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டபோது, எங்கள் அணியை வேறோர் ஊருக்கு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு உள்ளூர் நாளிதழ்களில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அணி தொடங்கிய ஆண்டிலிருந்து தனக்கும் மனைவிக்குமாக இரண்டு இருக்கைகளை விடாமல் வைத்திருந்த ஒருவரைப் புதுப்பித்தலுக்காகத் தொலைபேசியில் அழைத்தேன். விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "அடுத்த அக்டோபரில் நீங்கள் இங்கே இருப்பீர்களா?" என்று மட்டும் கேட்டார். எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்த பதிலை, அதாவது அரங்கக் குத்தகை இன்னும் நடப்பில் இருக்கிறது என்பதைச் சொன்னேன். "நான் குத்தகையைப் பற்றிக் கேட்கவில்லையே" என்றார். அவர் புதுப்பிக்கவில்லை. ஆனால் ஆட்டம் பார்ப்பதையும் விடவில்லை. ஆட்டத்தன்று மறுவிற்பனைத் தளங்களில் மலிவாகக் கிடைக்கும் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவர் பெயர் எங்கள் பட்டியலில் கைவிட்டுப் போனவர்கள் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தின் நீளம்தான் பிறகு நிர்வாகக் கூட்டங்களில், இந்த ஊரில் ஆர்வம் குறைந்துவிட்டது என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

காலி செய்யப்போகும் வாடகை வீட்டுக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை. போய்விடக்கூடிய அணிக்கு முன்பணம் கட்டவும் யாரும் துணிவதில்லை. அந்த இருக்கைகள் காலியாகத் தெரியக் கூடாது என்று இலவச டிக்கெட்டுகளைப் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அள்ளிக் கொடுக்கும்போது, பணம் கட்டி உட்கார்ந்திருப்பவர் பக்கத்து இருக்கைக்காரர் சும்மா வந்தவர் என்று அறிந்து, மறு ஆண்டு தானும் விட்டுவிடுகிறார். அறிவிக்கப்படும் எண் உயரும், வசூல் இறங்கும். இதை நான் மாதக் கணக்கில் வரிவரியாகப் பார்த்திருக்கிறேன்.

இந்த நோய் முற்றிப்போனதற்கு அரிசோனாவைப் போல் இன்னோர் எடுத்துக்காட்டு இல்லை. கனடாவின் வின்னிபெக் நகரில் இருந்த ஜெட்ஸ் அணி 1996இல் ஃபீனிக்ஸுக்குப் போய் கயோட்டீஸ் ஆனது. முதலில் ஆடிய நகர்மைய அரங்கு கூடைப்பந்துக்காகக் கட்டப்பட்டது. பனித்தரை கூடைப்பந்துக் களத்தைவிட நீளமானது என்பதால், பல இருக்கைகளிலிருந்து ஒரு பக்கத்துக் கோலே தெரியாது. பிறகு 2003 டிசம்பரில், பெருநகரத்தின் வடமேற்கு ஓரத்தில் உள்ள கிளென்டேல் நகராட்சி பெரும் பொதுப்பணம் போட்டுக் கட்டிய புதிய அரங்குக்கு அணி மாறியது. அரங்கு நல்ல அரங்குதான். ஆனால் அதுவரை டிக்கெட் வாங்கிவந்தவர்களில் பெரும்பகுதியினர் ஸ்காட்ஸ்டேல், டெம்பி, மேசா என்று கிழக்குப் பக்கம் குடியிருந்தவர்கள். வேலை முடிந்து, மாலை நெரிசலில் ஊரையே குறுக்காகக் கடந்து, ஏழு மணி ஆட்டத்துக்கு ஒருவர் பிள்ளைகளோடு வந்து சேர முடியுமா என்பதை டிக்கெட் பிரிவில் வேலை பார்க்கும் எவரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். வாங்குபவர்களின் அஞ்சல் குறியீட்டு எண்களை வரைபடத்தில் குறித்துப் பார்ப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

2009 மே மாதத்தில் அணியின் உரிமையாளர் திவால் மனு போட்டார். பிளாக்பெர்ரி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜிம் பால்சிலி, அணியை 21 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கி கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டுபோக முன்வந்தார். லீக் எதிர்த்தது, நீதிமன்றம் மறுத்தது, கடைசியில் லீகே 14 கோடி டாலருக்கு அணியை வாங்கி 2013 வரை நடத்தியது. இடையில் அரங்கை நிர்வகிப்பதற்காக லீகுக்கு ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் வீதம் இரண்டு பருவங்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டு கிளென்டேல் நகராட்சி கையைச் சுட்டுக்கொண்டது. புதிய உரிமையாளர்களோடு போட்ட ஒப்பந்தத்தையும் 2015 ஜூனில் நகர மன்றம் ரத்து செய்தது. 2021 ஆகஸ்டில், அடுத்த பருவத்தோடு இடமில்லை என்று நகராட்சி சொல்லிவிட, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 5,000 பேர்கூட உட்கார முடியாத முல்லட் அரங்குக்கு ஒரு தொழில்முறை அணி குடிபோனது. டெம்பியில் புதிய அரங்கு வளாகம் கட்டும் திட்டத்தை 2023 மே மாதம் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 2024 ஏப்ரலில் அணியின் ஹாக்கிப் பிரிவு முழுவதும் 120 கோடி டாலர் ஏற்பாட்டில் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டிக்குப் போனது.

திவால் மனுவிலிருந்து கடைசி ஆட்டம் வரை 15 ஆண்டுகள். இந்த 15 ஆண்டுகளில் ஒரே ஒரு புதுப்பித்தல் பருவத்திலாவது, அந்த ஊரின் டிக்கெட் விற்பனையாளர், அடுத்த பத்தாண்டும் இங்கேதான் இருப்போம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்க முடியுமா? அப்படியிருந்தும் 2012இல் அணி மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றுவரை போனபோது, வின்னிபெக்கிலிருந்து கூடவே வந்த வழக்கப்படி, ரசிகர்கள் வெள்ளை உடுத்தி அரங்கில் திரண்டார்கள். ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்து, கயோட்டீஸ் ஆட்டங்களைப் பார்த்து ஹாக்கி மட்டையைப் பிடித்த ஆஸ்டன் மாத்யூஸ் 2016இல், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் லீகின் ஆண்டுத் தேர்வில், முதல் ஆளாக டொராண்டோவுக்குப் போனார். பாலைவனத்தில் பனி விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இந்தப் பெயரைத்தான் சொல்வேன். அந்த ஊர் ஹாக்கியை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. ஏற்றுக்கொண்ட ஊருக்கு எட்டும் இடத்தில் அணி இருக்கவில்லை, நிலையாக இருக்கும் என்ற உறுதியும் கொடுக்கப்படவில்லை.

அட்லாண்டா இரண்டு முறை அணியை இழந்த ஊர். 1980இல் ஃபிளேம்ஸ் கால்கரிக்குப் போனது. 2011இல் த்ராஷர்ஸ் வின்னிபெக்குக்குப் போனது. த்ராஷர்ஸ் அங்கிருந்த காலமெல்லாம் சேர்த்து ஒரே ஒரு முறை, 2007இல், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குத் தேறியது. அதிலும் நான்கு ஆட்டங்களில் நான்கையும் தோற்றது. உரிமையாளர்கள் தங்களுக்குள் ஆண்டுக்கணக்கில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அணியை விற்க நீண்ட காலமாகவே முயன்றுவந்ததாக அவர்களே பின்னாளில் ஒரு வழக்கில் சொன்னார்கள். தோற்கும் அணி, விற்கத் துடிக்கும் முதலாளி, இவற்றுக்கு நடுவே டிக்கெட் வாங்கவில்லை என்று ஊரைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஊரின் மேல்தான் குற்றம் என்பவர்கள் சிகாகோவை நினைத்துப் பார்க்க வேண்டும். லீகின் பழம்பெரும் அணிகளில் ஒன்றான பிளாக்ஹாக்ஸுக்கு 2006-07 பருவத்தில், 20,000 பேருக்குமேல் கொள்ளும் அரங்கில் சராசரியாக 13,000 பேர்கூட வரவில்லை. சொந்த ஊர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டினால் சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்குத் துரோகம் என்று அதன் உரிமையாளர் பில் விர்ட்ஸ் பிடிவாதமாக இருந்ததில், ஒரு தலைமுறையே அணியைப் பார்க்காமல் வளர்ந்துவிட்டது. 2007இல் அவர் மறைந்த பின் மகன் ராக்கி விர்ட்ஸ் ஒளிபரப்புக்குக் கதவைத் திறந்தார். இளம் ஆட்டக்காரர்களும் தேறினார்கள். 2010இல் லீகின் வாகையர்க்குரிய ஸ்டான்லி கோப்பை வந்தது, அரங்கில் இடம் கிடைப்பது அரிதானது. ஊரும் அரங்கும் அவையேதான்.

என் தொழிலுக்கு மிக நெருக்கமான நிகழ்வு நாஷ்வில்லில் நடந்தது. 2007இல் அதே பால்சிலி பிரிடேட்டர்ஸ் அணியை வாங்க முற்பட்டு, கைமாறும் முன்பே ஹாமில்டனில் சீசன் டிக்கெட்டுக்கு முன்பணம் வாங்கத் தொடங்கிவிட்டார். அணிக்கும் நகரத்துக்கும் இடையிலான குத்தகையில் ஒரு நிபந்தனை இருந்தது: கட்டண டிக்கெட் சராசரி 14,000க்குக் கீழே இறங்கினால் அணி குத்தகையிலிருந்து விலக வழி உண்டு. அந்த எண்ணைத் தாண்டவைக்க வேண்டும் என்று ரசிகர்களும் உள்ளூர் வணிகர்களும் திரண்டு கூட்டம் நடத்தி டிக்கெட்டுகளை வாங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்த குழு அணியை வாங்கியது. 2017இல் அந்த அணி ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்றுவரை போனது. எந்த எண்ணை எட்டினால் அணி தங்கும் என்பது அங்கே ஊருக்கு வெளிப்படையாகத் தெரிந்திருந்தது. எங்கள் அணியில் அப்படி ஓர் எண் உண்டா என்பதுகூட, டிக்கெட் விற்றுக்கொண்டிருந்த எங்களுக்குச் சொல்லப்படவில்லை.

ஊர் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் எதிர்ச்சான்று உண்டு. ஹார்ட்ஃபோர்டிலிருந்து 1997இல் வட கரோலினாவுக்குப் போன அணி, ராலியில் அரங்கு தயாராகும்வரை இரண்டு பருவங்கள் கிரீன்ஸ்பரோவில் ஆடியபோது கூட்டமே இல்லை. ராலிக்குப் போய் வேரூன்றி 2006இல் கோப்பையையும் வென்றது. கியூபெக் நகரமோ 18,000 பேருக்குமேல் கொள்ளும் புதிய அரங்கை 2015இல் திறந்துவைத்துவிட்டு, 1995இல் டென்வருக்குப் பறிகொடுத்த அணிக்கு மாற்றாக ஒன்று வருமா என்று இன்னும் காத்திருக்கிறது.

வின்னிபெக்கின் நிலைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2011இல் அட்லாண்டாவின் த்ராஷர்ஸ் வந்ததன் மூலம் மீண்டும் ஓர் அணி கிடைத்தபோது 13,000 சீசன் டிக்கெட்டுகளையும் அந்த ஊர் கண்மூடித் திறப்பதற்குள் வாங்கித் தீர்த்தது. பெருந்தொற்றுக்குப் பின் அந்த எண்ணிக்கை 10,000க்கும் கீழே இறங்கியது. இந்த நிலை நீடித்தால் நெடுங்காலம் தாக்குப்பிடிக்காது என்று 2024 தொடக்கத்தில் உரிமையாளர்களில் ஒருவரான மார்க் சிப்மன் வெளிப்படையாகச் சொன்னதும், ஒரு முறை அணியைப் பறிகொடுத்த ஊரில் பழைய அச்சம் மீண்டும் கிளம்பியது. சிப்மன் அந்த ஊர்க்காரர். அணியைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். உண்மையை மறைக்காமல் ஊரிடம் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பேச்சு நாளிதழில் வந்த மறுநாள் காலையில், அந்த அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்துப் புதுப்பித்தல் பட்டியலைத் தொடங்கியவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். எதிர்முனையில் என்ன கேட்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இங்கேயே இருக்க விரும்புகிறோம் என்பதோடு, எத்தனை டிக்கெட் விற்றால், எத்தனை ஆண்டுகள் நிச்சயமாக இருப்போம் என்ற கணக்கையும் ஊர் முன்னால் வைத்திருந்தால், அந்த விற்பனையாளர்களுக்குச் சொல்வதற்கு ஒரு பதில் இருந்திருக்கும்.