பதிமூன்றாம் சேனலும் அமெரிக்க டாங்கிளும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஃபைபர்க்காரத் தம்பி ரவுட்டரை முதல் வளவில் மாட்டிவிட்டுப் போனார், நான் கம்ப்யூட்டர் வைத்திருப்பதோ இரண்டாங்கட்டில். பழைய டெஸ்க்டாப், உபுண்டு என்னும் லினக்ஸ் போட்டது, வைஃபை கிடையாது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு ஊருக்கு வந்த அண்ணன் அமெரிக்காவிலிருந்து வைஃபை பிடிக்கும், இரண்டு ஆன்டெனா வைத்த யுஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கி வந்தார். செருகினேன், உடனே நெட் வந்தது, பத்து நாள் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஒருநாள் மதியம் கரண்ட் போய் வந்தது. எங்கள் வைஃபை பெயரே பட்டியலில் காணோம். பக்கத்து விடுதி வைஃபை தெரிகிறது, அதே மேசையில் இருக்கும் என் போனில் எங்கள் வைஃபையும் தெரிகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில நேரம் வரும், சில நேரம் வராது. சுவர் தடிமன்தான் காரணம் என்று நினைத்து ஒரு வாரம் டாங்கிளை யுஎஸ்பி ஒயரில் நீட்டி ஜன்னலில், நிலைக்கு மேலே, தூணில் என்று கட்டிப் பார்த்தேன். ஆயா எதற்கடா இது என்று கேட்காத நாள் இல்லை.

கடைசியில் போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. வைஃபை அலைவரிசையை எண் போட்டுத் தடங்களாகப் பிரித்திருக்கிறார்கள், அதுதான் சேனல். எங்கள் ரவுட்டர் இருந்தது 13ஆம் சேனலில். அக்கம்பக்கத்தில் இரண்டு வீடுகள் விடுதியாகிவிட்டன, அவர்களுடைய கருவிகளெல்லாம் 1, 6, 11 மூன்றிலும் அடைத்துக்கொண்டு இருக்கின்றன. நம் ரவுட்டர் ஆட்டோவில் இருந்ததால் ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் காலியான இடம் தேடி ஓரத்துக்குப் போயிருக்கிறது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவில் 13 சேனல் வரை போகலாம். அமெரிக்காவில் 2483.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பகுதியில் அலை கசியக் கூடாது என்று கடுமையான விதி இருப்பதால், 12, 13 இரண்டிலும் சக்தியை மிகவும் குறைக்க வேண்டும். அந்த வம்பே வேண்டாமென்று அங்கே விற்கும் கருவிகளைப் பெரும்பாலும் 11ஓடு நிறுத்திவிடுகிறார்கள். போன் இங்கே செல்போன் டவர் வழியாக நாட்டைத் தெரிந்துகொள்கிறது, டாங்கிளுக்கு அந்த வழி இல்லை. பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் சத்தமில்லாமல் வந்து குடியேறிய வீட்டில் இந்த டாங்கிள் மட்டும் பிறந்த ஊர்ச் சட்டத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, லினக்ஸில் மாற்றிவிடலாம் என்று கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்தேன். வைஃபை அமைப்பைக் காட்டும் ஐடபிள்யூ (iw) கட்டளையில் நாடு எதுவென்று கேட்டால் பொதுவாக 00, அதாவது எந்த நாடென்று முடிவாகாத நிலை. டாங்கிளுக்கு மட்டும் தனியாக யுஎஸ். நாட்டை இந்தியா என்று மாற்றினேன், கட்டளை ஒன்றும் முனகாமல் ஏற்றுக்கொண்டது, ஆனால் 12, 13 இரண்டுக்கும் எதிரே அதே 'டிசேபிள்டு', அதாவது முடக்கம். டாங்கிளின் சிப்பிலேயே நாட்டுக் குறியீடு எழுதப்பட்டிருக்கிறது. நாம் சொல்லும் நாட்டையும் சிப்பில் உள்ள நாட்டையும் வைத்துப் பார்த்து, இரண்டும் அனுமதிப்பதை மட்டுமே லினக்ஸின் உட்கருவான கெர்னல் திறந்துவிடுகிறது. நம்மால் இன்னும் இறுக்கலாம், தளர்த்த முடியாது.

ஒரு நண்பன் நாட்டைப் பொலிவியா என்று போட்டுப் பார், பவரும் ஏறும் என்றான். ஆசை யாரை விட்டது, போட்டேன். ஒன்றும் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் நான் கத்துவது ரவுட்டருக்குக் கேட்குமே தவிர, ரவுட்டர் பேசுவது எனக்குக் கூடுதலாகக் கேட்காது. அதோடு நாம் இருக்கும் நாட்டின் வரம்பை மீறுவது சட்டப்படியும் தப்பு. டிரைவரைத் திருத்திப் பூட்டை உடைக்கும் வழிகளும் இருக்கின்றன, அதில் நான் கை வைக்கவில்லை.

தீர்வு ரவுட்டரில் இருந்தது. பிரவுசரில் அதன் பக்கத்தைத் திறந்து ஆட்டோவை எடுத்துவிட்டு 6 என்று நிரந்தரமாக வைத்தேன், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இரண்டு நிமிட வேலை. விடுதியோடு சேனலைப் பங்குபோட வேண்டியிருப்பதால் இரவில் வேகம் கொஞ்சம் குறைகிறது, பரவாயில்லை. 5 கிகாஹெர்ட்ஸையும் முயன்றேன், 2018இல் இங்கே அதில் நிறைய இடம் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் எங்கள் சுண்ணாம்புச் சுவரில் ஒன்றைத் தாண்டுவதற்குள் அது மூச்சு வாங்குகிறது.

அண்ணனிடம் போனில் சொன்னேன். அடுத்த தடவை வரும்போது வேறு நல்லதாக வாங்கி வருகிறேன் என்றார். வேண்டாம் அண்ணே, காரைக்குடியிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.